10 நிமிடப் பரிசோதனையில் பெற்றோர்–குழந்தை உறவுக்கு இடம் உண்டா?

குழந்தை நல மருத்துவத்தில் அண்மையில் அடியெடுத்து வைத்திருக்கும் நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வழக்கமான பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் உங்களுக்குக் கிடைப்பது 10 நிமிடம், அதற்குள் எடை, நீளம், தலைச்சுற்றளவு, இதயம், இடுப்பு மூட்டு, தடுப்பூசி, உணவு ஆலோசனை எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும், இதற்கு நடுவே பெற்றோருக்கும் குழந்தைக்கும் இடையிலான பரிவான உறவையும் ஊக்குவிக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்கிறார்களே, அது நடக்கக் கூடியதா, நடக்கும் என்றால் எதைச் செய்வது, கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காத தாயிடம் ஏதாவது சொல்லலாமா கூடாதா. இந்தக் கேள்விக்கு அடியில் இரண்டு தயக்கங்கள் இருப்பதாக எனக்குப் படுகிறது. இதற்கெல்லாம் உண்மையில் பலன் உண்டா, கேட்க இனிமையாக இருக்கும் பேச்சோடு சரியா என்பது ஒன்று. முன்பின் தெரியாத ஒரு தாயிடம் அவருடைய குழந்தையோடு எப்படிப் பழகுவது என்று சொல்ல நாம் யார் என்பது மற்றொன்று. இரண்டாவது தயக்கம் நல்ல தயக்கம்; அனுபவம் கூடினாலும் அதைக் கைவிடாதீர்கள்.

என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடக்கக் கூடியதுதான், ஆனால் அறிவுரையாகச் செய்தால் நடக்காது. தடுப்பூசி போட்டு முடித்து, குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருக்க, பையையும் அட்டையையும் ஒரு கையில் அள்ளிக்கொண்டு வாசலை நோக்கி நடக்கும் பெற்றோரிடம் "நிறையப் பேசுங்க, விளையாடுங்க" என்று சொன்னால் அது காதில் ஏறுவதில்லை. எப்படியும் நாம் செய்தே தீர வேண்டிய பரிசோதனையை, பெற்றோர் தம் குழந்தையின் திறமையையும் அதில் தமக்குள்ள பங்கையும் தாமே கண்டுகொள்ளும்படி நடத்துவதுதான் நான் பல ஆண்டுகளாகப் பின்பற்றி வரும் வழி. அதற்குக் கூடுதலாக ஆகும் நேரம் மிகக் குறைவு. என் அனுபவம் பெரும்பாலும் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோடு என்பதால், கீழே எழுதியிருப்பதை அந்த வயதுக்குரியதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்கலாம். குழந்தை பார்வையாலோ ஒலியாலோ கை நீட்டியோ ஒன்றைத் தெரிவிக்கும்போது, வளர்ப்பவர் அதைக் கவனித்து உடனுக்குடன் பொருத்தமாகப் பதில் தருவது மொழி வளர்ச்சிக்கும் மன உறுதிக்கும் அடித்தளம் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எட்வர்ட் டிரோனிக் என்ற உளவியலாளர் 1970களில் செய்துகாட்டிய 'அசையா முகம்' சோதனையை நீங்கள் படித்திருப்பீர்கள். தாய் சிறிது நேரம் குழந்தையோடு இயல்பாகக் கொஞ்சி விளையாடுகிறார்; பிறகு முகத்தில் எந்தப் பாவமும் காட்டாமல் குழந்தையைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, ஒலியெழுப்பி அழைக்கிறது. எதற்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, சோர்ந்து போகிறது, சில குழந்தைகள் அழுதே விடுகின்றன. பிறந்து சில மாதமே ஆன குழந்தைக்கும் எதிரில் இருப்பவரிடம் எதிர்பார்ப்பு உண்டு என்பதை இது ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. ஆனால் இந்தச் சோதனைக்கு மூன்றாவது கட்டம் ஒன்று உண்டு: தாய் மறுபடி இயல்பாகப் பேசத் தொடங்கியதும், கொஞ்சம் பிணங்கிவிட்டு, குழந்தையும் திரும்ப வந்து சேர்ந்துகொள்கிறது. எந்தப் பெற்றோரும் எந்நேரமும் குழந்தையோடு இசைந்திருப்பதில்லை, விலகுவதும் மீண்டும் சேர்வதுமாகத்தான் அன்றாடம் நகர்கிறது என்பதை டிரோனிக்கே வலியுறுத்தியிருக்கிறார். பெற்றோரை அச்சுறுத்துவதற்காக இந்தச் சோதனையை எடுத்துக்காட்டுபவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உலக வங்கியும் 2018இல் முன்வைத்த பேணி வளர்த்தலுக்கான செயல்திட்டம் ஐந்து கூறுகளைச் சொல்கிறது: உடல்நலம், போதிய ஊட்டம், குழந்தையின் குறிப்பறிந்து பதில் தரும் பராமரிப்பு, தொடக்கக் கற்றலுக்கான வாய்ப்பு, பாதுகாப்பு. முதல் இரண்டுக்கும் நம் அறையில் தராசும் அளவு நாடாவும் வளர்ச்சி அட்டவணையும் இருக்கின்றன. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் மேசையில் எந்தக் கருவியும் இல்லாததால்தான் அவை கடைசி நிமிட அறிவுரையாகச் சுருங்கிவிடுகின்றன என்பது என் கணிப்பு. இத்தனைக்கும், குழந்தை பிறந்த முதல் ஆண்டுகளில், நோய் இல்லாதபோதும் ஒரு குடும்பம் குறித்த இடைவெளியில் தேடி வந்து சந்திக்கும் ஒரே தொழில்முறை ஆள் பெரும்பாலும் நாம்தான்.

இனி, அறைக்குள் என்ன செய்யலாம் என்பது. பிறந்த சில நாள்களில் நடக்கும் முதல் பரிசோதனைதான் இதற்கு மிக வளமான இடம். ஆகவே இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெர்ரி பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை நல மருத்துவர் 1973இல் வெளியிட்ட பச்சிளங்குழந்தை நடத்தை மதிப்பீட்டு முறை, குழந்தை எதைக் கேட்கிறது, எதைப் பார்க்கிறது, அழும்போது எதனால் அமைதியாகிறது என்பதைப் பெற்றோரின் கண்முன்னே பார்க்க வழிசெய்தது. முழு மதிப்பீட்டுக்குத் தனிப் பயிற்சி வேண்டும்; ஆனால் அதிலுள்ள ஒரே ஒரு செயலை நாம் எல்லோரும் செய்யலாம். குழந்தை விழித்து அமைதியாக இருக்கும் நேரத்தில், ஒரு கை தலைக்கு அடியிலும் மறு கை இடுப்புக்கு அடியிலுமாக, முகம் மேலே பார்க்கும்படி ஏந்திக்கொள்ளுங்கள். தாயை ஒரு பக்கமாக, குழந்தையின் கண்ணில் படாமல், காதுக்கு அருகே நின்று மென்மையாகக் கூப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். முதலில் கண்கள் சற்று விரியும், அசைந்துகொண்டிருந்த கால்கள் நிற்கும், மூச்சின் ஓட்டம் மாறும்; சில நொடிகள் கழித்துத்தான் தலை மெதுவாகக் குரல் வந்த பக்கம் திரும்பும். அந்த நொடிகளில் பொறுமை இழந்து நாம் பேசிவிடுவதால்தான் பலரும் இதைப் பார்க்காமல் போகிறார்கள். தலை திரும்பியதும் தாயின் முகத்தில் வரும் மாற்றத்துக்கு எந்தக் கையேட்டாலும் ஈடுகொடுக்க முடியாது.

பிறந்த குழந்தை தாயின் குரலை மற்றொரு பெண்ணின் குரலைவிட விரும்புகிறது என்பதை 1980இல் டிகேஸ்பரும் ஃபைஃபரும் ஆய்வில் காட்டினார்கள். ஆகவே தாயிடம் "உங்க குரல் இவளுக்கு ஏற்கெனவே தெரியும்" என்று நீங்கள் தயங்காமல் சொல்லலாம். தந்தையின் குரலை மற்ற ஆண்களின் குரலிலிருந்து பிரித்து விரும்புவதாகப் பிறந்த ஓரிரு நாள்களில் செய்த ஆய்வில் தெரியவில்லை. அதற்காகத் தந்தையை ஒதுக்கிவிடாதீர்கள். அவர் கூப்பிட்டாலும் குழந்தை குரல் வரும் திசைக்குத் திரும்பும், சுவரோரம் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் அன்றோடு கட்டிலருகே வந்துவிடுவார். அதேபோல, குழந்தைக்குத் தெளிவாகத் தெரியும் தூரம் ஏறக்குறைய 20 முதல் 30 சென்டிமீட்டர் என்பதையும், பால் கொடுக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரமும் கிட்டத்தட்ட அதுவே என்பதையும் சொல்லுங்கள். ஆனால் நாக்கை நீட்டினால் பிறந்த குழந்தையும் நீட்டும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். மெல்ட்சாஃபும் மூரும் 1977இல் அப்படிச் சொன்னது உலகப் புகழ் பெற்றது; 2016இல் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளை வாரக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வில் அது உறுதிப்படவில்லை. விவாதம் இன்னும் முடியவில்லை. நீங்கள் வாக்குக் கொடுத்து, குழந்தை நாக்கை நீட்டாமல் போனால், அந்தத் தாய் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்வார். குரல் சோதனைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்: பசியிலோ உறக்கக் கலக்கத்திலோ இருக்கும் குழந்தையிடம் அதைச் செய்துகாட்டவே முயலாதீர்கள். வீட்டில் பால் குடித்து விழித்திருக்கும் நேரத்தில் செய்துபாருங்கள் என்று சொல்லி, அடுத்த முறை என்ன நடந்தது என்று கேளுங்கள்.

இரண்டாம் மாதத்திலிருந்து நம் வேலை பெரும்பாலும் கவனித்ததைச் சொல்வதுதான். நீங்கள் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது குழந்தை "ஆங்" என்று ஒலியெழுப்புகிறது. தாய் தன்னையறியாமல் "என்னடா செல்லம், குளிருதா" என்கிறார். குழந்தை மறுபடி "ஆங்" என்கிறது. பெரும்பாலும் நாம் ஸ்டெதஸ்கோப்புக்குள் மூழ்கி இதைத் தவறவிடுவோம், அல்லது சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று முகம் சுளிப்போம். ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "இப்ப என்ன நடந்துச்சு பாத்தீங்களா? அவன் சத்தம் கொடுத்தான், நீங்க பதில் சொன்னீங்க, அதனாலதான் திரும்பச் சத்தம் கொடுக்கிறான், இது பேச்சுதான்" என்று சொல்லிப் பாருங்கள். பெற்றோர் செய்த செயல் ஒன்று, அதனால் குழந்தையிடம் நேர்ந்த விளைவு ஒன்று, இரண்டையும் இணைக்கும் ஒரு வாக்கியம். இவ்வளவுதான் இதன் கட்டமைப்பு. "நீங்க நல்ல அம்மா" என்பது இதற்கு ஈடாகாது. அது மதிப்பெண் போடுவது. இன்று நல்ல அம்மா என்று சொல்பவர் நாளை மோசமான அம்மா என்றும் சொல்லக்கூடும் என்பது கேட்பவருக்குத் தெரியும்.

பாராட்ட ஒன்றுமே இல்லாதபோது என்ன செய்வது என்று கேட்பீர்கள். பொய்யாகப் பாராட்டாதீர்கள், பெற்றோர் உடனே கண்டுகொள்வார்கள். பெரும்பாலும் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்யும்: மேசை விளிம்பருகே தன்னிச்சையாக நீண்ட கை, விளக்கொளி கண்ணில் படாமல் மறைத்த உள்ளங்கை, அழுகை தொடங்கும் முன்பே அது பசி என்று அடையாளம் கண்டது. உண்மையாகவே ஒன்றும் கண்ணில் படவில்லையென்றால், வாய்ப்பை நாம் உருவாக்க வேண்டும். குழந்தையைத் தாயின் மடியில் முகம் பார்க்கும்படி உட்கார வைத்துவிட்டு, குறிப்பெழுதும் சாக்கில் அரை நிமிடம் பின்வாங்கிக்கொள்ளுங்கள். நம் பார்வை விலகியதும் பல பெற்றோர் இளகிவிடுகிறார்கள். மருத்துவர் எதிரில் கொஞ்சிப் பேச வெட்கப்படுபவர்கள் ஏராளம். அதை அன்பின்மை என்று எண்ணுவது நம் அவசரம்.

எவ்வளவு பேச வேண்டும் என்று பெற்றோர் கேட்டால், எண்ணிக்கை எதுவும் சொல்லாதீர்கள். வசதி குறைந்த வீட்டுக் குழந்தைகள் 3 வயதுக்குள் 3 கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறார்கள் என்ற புகழ்பெற்ற கணக்கு, ஹார்ட், ரிஸ்லி ஆகியோர் 1995இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அவர்கள் பின்தொடர்ந்தவை 42 குடும்பங்கள் மட்டுமே, அந்த எண்ணிக்கை கணித்துப் பெருக்கியது, பிற்கால ஆய்வாளர்கள் அதைக் கடுமையாகக் கேள்விக்குள்ளாக்கியிருக்கிறார்கள். இதைவிட நம்பிக்கை தருவது 2018இல் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு: மொத்தமாகக் கேட்ட சொற்களைக் காட்டிலும், பெரியவரும் குழந்தையும் மாறி மாறிப் பேசிய தடவைகள்தாம் மூளையின் மொழிப் பகுதிச் செயல்பாட்டோடு தொடர்புடையவையாக இருந்தன. அதுவும் தொடர்பை மட்டுமே காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை. ஆகவே நான் பெற்றோரிடம் சொல்வது, பேசிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துங்கள், குழந்தையின் முறை வரட்டும் என்பது மட்டும்தான்.

ஆறாம் மாதத்தில் கையில் ஒரு பொருளைக் கொடுப்பது பெரிய வேலை செய்யும். 1989இல் பாஸ்டன் நகர மருத்துவமனையில் தொடங்கிய 'ரீச் அவுட் அண்ட் ரீட்' திட்டம், வழக்கமான பரிசோதனைக்கு வரும் குழந்தைகளுக்கு மருத்துவரே புத்தகம் கொடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியது. அதில் நான் கற்றுக்கொண்ட மிகப் பயனுள்ள நுணுக்கம், புத்தகத்தை விடைகொடுக்கும்போது பரிசாகத் தராமல், அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் குழந்தையிடமே நீட்டுவது. கெட்டி அட்டைப் புத்தகத்தை நீட்டியதும் குழந்தை எந்தக் கையால் பற்றுகிறது, மறு கைக்கு மாற்றுகிறதா, படத்தைக் குனிந்து பார்க்கிறதா என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்; வளர்ச்சிப் பரிசோதனையில் பாதி முடிந்தது. அடுத்து புத்தகம் வாய்க்குப் போகும். "கடிக்காதே" என்று பெற்றோர் பிடுங்க வருவார்கள். அந்த இடத்தில்தான் நமக்கு வேலை: "இந்த வயசுல வாயில வெச்சுப் பாக்கறதுதான் படிப்பு, விடுங்க, இப்ப நீங்க படத்தக் காட்டி ஏதாவது சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு இருபது நொடி விலகி நில்லுங்கள். வாசிக்கச் சொல்லி மட்டும் நெருக்காதீர்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பெற்றோர் எதிரில் இருக்கலாம்; படத்தைக் காட்டிக் கதை சொல்வது எல்லோருக்கும் முடியும். மருத்துவர் புத்தகம் கொடுத்து ஊக்கப்படுத்தினால் வீட்டில் பெற்றோர் குழந்தைக்கு வாசிப்பது கூடுகிறது என்பதற்குச் சான்று நன்றாகவே இருக்கிறது. குழந்தையின் மொழித்திறன் உயர்கிறது என்பதற்கும் சான்று உண்டு, ஆனால் முன்னதைவிடச் சற்றுத் தளர்ந்தது.

புத்தகம் வாங்கப் பணமில்லாத இடங்களில் என்ன செய்வது என்பதற்கும் விடை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2012இல் வெளியிட்ட குழந்தை வளர்ச்சிப் பராமரிப்புக் கையேடு, கிண்ணம், துணி, மூடி போன்ற வீட்டுப் பொருள்களை வைத்தே எழுதப்பட்டது. அதன் சாரம், சொல்வதோடு நிறுத்தாமல் அங்கேயே பெற்றோரைச் செய்துபார்க்க வைப்பது. துணிக்கு அடியில் கிண்ணத்தை ஒளித்து, குழந்தை துணியை இழுத்து அதைக் கண்டுபிடிப்பதைத் தாயே நடத்திப் பார்த்துவிட்டால், வீட்டில் அதை நினைவூட்ட நாம் தேவையில்லை.

ஒன்பதாம் மாதத்துக்குப் பிறகு நம்மைக் கண்டாலே குழந்தை அழும். இதைப் பெற்றோர் அவமானமாக எண்ணி மன்னிப்புக் கேட்பார்கள். "உங்களையும் எங்களையும் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சுடுச்சு, நல்ல அறிகுறி" என்று சொல்லி அந்தச் சங்கடத்தை நீக்கிவிடுங்கள். பரிசோதனை மேசையை மறந்துவிட்டு மடியிலேயே பாருங்கள். ஸ்டெதஸ்கோப்பை முதலில் தாயின் தோளில் வைத்து, பிறகு குழந்தையின் காலில், பிறகு மார்பில் வையுங்கள். புதிய ஒன்று அச்சத்துக்குரியதா என்பதை இந்த வயதுக் குழந்தை பெற்றோரின் முகத்தைப் பார்த்தே முடிவு செய்கிறது; அந்த ஒரு நொடிப் பார்வையை நீங்கள் கவனித்துவிட்டால் பெற்றோருக்கும் காட்டிக்கொடுக்கலாம். தடுப்பூசி விஷயத்தில் உறவும் மருத்துவமும் ஒன்றாகவே சேர்ந்துவிடுகின்றன. கைக்குழந்தைகளையும் சிறு குழந்தைகளையும் பெற்றோர் தூக்கி அணைத்து வைத்திருக்க ஊசி போட வேண்டும், இயன்றால் ஊசி போடும்போதே தாய்ப்பால் கொடுக்கச் செய்ய வேண்டும், பல ஊசிகள் இருந்தால் அதிகம் வலிக்கும் ஊசியைக் கடைசியில் போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. இவற்றுக்கான சான்று வலுவானது, செலவு ஏதுமில்லை. இருந்தும் குழந்தையை மேசையில் மல்லாத்தி, பெற்றோரையே கால்களை அமுக்கிப் பிடிக்கச் சொல்லும் பழக்கம் பல இடங்களில் தொடர்கிறது. வலியின்போது தன்னை அமுக்கிப் பிடித்தவராகப் பெற்றோரை ஆக்குவதா, அணைத்துக்கொண்டவராக ஆக்குவதா என்பது நம் கையில் இருக்கிறது. செவிலியர்களிடம் இதைப் பேசிப் புரியவைக்க நீங்கள் செலவிடும் நேரம் வீண் போகாது.

கைப்பேசியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கண்டதும் சொல்லாதீர்கள். அந்தத் தாய் வேலையிடத்துக்கு விடுப்புச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கலாம். வீட்டிலிருக்கும் மூத்த குழந்தை சாப்பிட்டதா என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். காலையிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் ஓய்வே காத்திருப்பு அறை நாற்காலியாக இருக்கலாம். பெற்றோர் கைப்பேசியில் ஆழ்ந்திருக்கும்போது குழந்தைகள் 'அசையா முகம்' சோதனையில் போலவே தவிக்கிறார்கள் என்று காட்டும் ஆய்வுகள் உண்டு; ஆனால் அந்தச் சில நிமிடத் தவிப்பிலிருந்து நீண்டகாலக் கேடு வரை கோடு இழுக்கும் அளவுக்கு அவை போதா. நான் செய்வது, அவருக்கு ஒரு வேலை கொடுப்பது: "தலைய நேரா வெச்சுக்க மாட்டேங்கறா, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து கூப்பிடுறீங்களா?" கைப்பேசி தானாகக் கீழே போய்விடும். குரலுக்குத் திரும்புவதை வீடியோ எடுக்கச் சொன்னால் அதே கைப்பேசி நமக்குத் துணையாகவும் ஆகிவிடும். குழந்தைக்குத் திரை காட்டுவதைப் பற்றி மட்டும் வெளிப்படையாகவே பேசலாம்: 2 வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டல்.

இப்போது, நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் பகுதி. அறையில் நீங்கள் காண்பதை வைத்து உறவுக்குத் தீர்ப்பெழுதாதீர்கள். அந்நிய இடம், வெள்ளைச் சுவர், ஊசி பயம், அவசரம் எல்லாம் சேர்ந்த சில நிமிடங்கள் அவை. குழந்தை தாயின் குரலுக்குத் திரும்பவில்லையென்றால் முதலில் செவித்திறனைச் சோதியுங்கள். முகத்தைப் பார்க்கவில்லையென்றால் பார்வையைச் சோதியுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் சிறிது கொஞ்சினாலே களைத்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அது வெறுப்பு அல்ல, ஓய்வு வேண்டும் என்பதன் அடையாளம். ஒன்றரை வயதில் சுட்டிக்காட்டாத, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கக்கூடும். அங்கே தாயிடம் "நீங்க இன்னும் பேசணும்" என்று அறிவுரை சொல்லி அனுப்புவது இரட்டைத் தவறு, பரிசோதனை தள்ளிப்போகிறது, பழியும் அவர் மேல் விழுகிறது. தாயின் அன்பின்மையால்தான் ஆட்டிசம் வருகிறது என்று 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நம் துறையினரே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது முற்றிலும் பொய்யென்று நிறுவப்பட்ட பிறகும், அந்தத் தொனி நம் பேச்சில் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது.

மற்றொன்று, தாயின் மனச்சோர்வு. குழந்தையின் சிரிப்புக்கு முகம் மலராத, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும், "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று தரையைப் பார்த்துச் சொல்லும் தாய்க்கு விளையாட்டு யோசனைகள் உதவா. இன்னொரு பாரம்தான் கூடும். 1987இல் உருவான எடின்பரோ மனச்சோர்வுக் கேள்வித்தாளில் 10 கேள்விகளே உண்டு, காத்திருக்கும் நேரத்திலேயே நிரப்பிவிடலாம். அதன் கடைசிக் கேள்வி தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்தக் கேள்விக்கு 'ஒருபோதும் இல்லை' என்பதைத் தவிர வேறு விடை வந்தால், அவரை அன்றே பேசிப் பார்த்து உதவிக்கு வழிசெய்யாமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. குழந்தையைத்தானே பார்க்க வந்தோம், தாய் நம் நோயாளி இல்லையே என்ற கேள்வி எழலாம். தாயின் நலம் இந்த வயதுக் குழந்தையின் நலத்திலிருந்து பிரிக்கக் கூடியதாக எனக்குத் தோன்றியதில்லை. வீட்டில் அடி, மிரட்டல், பட்டினி இருப்பதற்கான அறிகுறிகள் தெரிந்தாலும் இதே நிலைதான்: அது ஊக்கச் சொற்களால் தீரும் விஷயம் அல்ல, உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டியது.

கடைசியாக உங்கள் முதல் தயக்கத்துக்கு வருகிறேன்: பலன் உண்டா? இங்கே கவனமாகப் பேச வேண்டும். அதிகம் மேற்கோள் காட்டப்படுவது ஜமைக்கா ஆய்வு. உடல் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீடுகளுக்கு 2 ஆண்டுகள் வாரந்தோறும் சுகாதாரப் பணியாளர்கள் சென்று, தாய்க்கும் குழந்தைக்கும் விளையாட்டுகள் கற்றுத் தந்தார்கள். 1991இல் சாலி கிரந்தாம்-மெக்ரெகர் குழுவினர் வெளியிட்ட முடிவில் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி தெளிவாக மேம்பட்டிருந்தது. 20 ஆண்டுகள் கழித்து அவர்களின் வருமானம், இந்த விளையாட்டுப் பயிற்சி பெறாதவர்களுடையதைவிட ஏறக்குறைய 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது என்று 2014இல் வெளியான தொடராய்வு சொன்னது. ஆனால் அது வாராந்தர வீட்டு வருகை. நம் 10 நிமிடத்துக்கு அதைச் சான்றாகக் காட்டுவது நேர்மையாகாது. நமக்கு நெருக்கமானது 2015இல் வெளியான கரீபியன் ஆய்வு. அங்கே 3 முதல் 18 மாதம் வரையிலான வழக்கமான ஐந்து வருகைகளின்போது, காத்திருப்பு அறையில் குறும்படங்களைக் காட்டி, பணியாளர் ஒருவர் அவற்றைப் பற்றித் தாய்மாரோடு பேசி, செய்துபார்க்கவும் வைத்தார். செவிலியரும் பரிசோதனையின்போது அதையே எடுத்துச் சொன்னார். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியிலும் பெற்றோரின் அறிதலிலும் மிதமான முன்னேற்றம் கிடைத்தது. தாயின் மனச்சோர்வில் மாற்றம் இல்லை. இன்னும் முனைப்பான முறை நியூயார்க்கில் ஆலன் மெண்டல்சோன் குழுவினர் நடத்தியது: பரிசோதனை நாளிலேயே பயிற்சி பெற்ற ஒருவர், பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதைச் சில நிமிடம் படம்பிடித்து, உடனே பெற்றோரோடு அமர்ந்து பார்த்து, நன்றாக நடந்த தருணங்களைச் சுட்டிக்காட்டுவார். குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்துச் செய்த ஆய்வுகளில் இதற்கு நல்ல பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் அதற்குத் தனி ஆளும் தனி நேரமும் வேண்டும். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், மருத்துவரின் ஓரிரு வாக்கியங்கள் மட்டும் ஒரு குழந்தையின் எதிர்காலத்தை மாற்றும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. மருத்துவரும் செவிலியரும் காத்திருப்பு அறையும் ஒரே செய்தியை வருகைதோறும் திரும்பச் சொன்னால் சிறிய, ஆனால் உண்மையான பலன் உண்டு என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது.

ஆகவே எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்கிவிடாதீர்கள். முதலில் ஆறாம் மாத வருகையை மட்டும் எடுத்துக்கொண்டு, நுழைந்ததும் புத்தகமோ கிண்ணமோ கொடுப்பதைப் பழக்கமாக்குங்கள். அது கைவந்த பிறகு மடிப் பரிசோதனையையும் ஊசி போடும் முறையையும் மாற்றுங்கள். பச்சிளங்குழந்தையின் குரல் சோதனைக்குக் கொஞ்சம் கைப்பழக்கம் தேவை என்பதால் அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். குறிப்பேட்டில் எடைக்கும் தலைச்சுற்றளவுக்கும் கீழே, அன்று கவனித்த ஒன்றை ஒரே வரியில் எழுதி வையுங்கள்: 'தாய் பாடினால் அழுகை நிற்கிறது' என்பது போல. அடுத்த வருகையில் அந்த வரியிலிருந்து நீங்கள் பேச்சைத் தொடங்கும்போது, ஊசிக்காக இறுகிய முகத்தோடு உள்ளே வந்தவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, வீட்டில் நடந்ததை அவரே சொல்லத் தொடங்குவார்.